முறியுமுன் காணும் கண்: பட்டறை நுண்ணோக்கி பற்றிய ஓர் அறிமுகம்

முன்னுரை

உறுதிக்கு உவமை கூறப் புகுவோர் இரும்பையே எடுத்துக் கூறுவது வழக்கம். இரும்பு நெஞ்சம் என்றும் எஃகு உள்ளம் என்றும் நாமும் எழுதியும் பேசியும் வருகிறோம். ஆயினும் இரும்பும் ஒருநாள் முறிகிறது. முறியும் நாள்வரை அது தன் மேனிப் பொலிவை இழப்பதில்லை. நோயுற்ற மனிதனைப்போல் முகம் வாடிக் காட்டுவதும் இல்லை. ஆகவே, உலோகத்தின் உள்ளத்தை அது முறிவதற்கு முன்னரே அறிவது எங்ஙனம் என்னும் வினா, எந்திரங்களோடு வாழும் மக்களுக்கு உயிர் பற்றிய வினாவாகிறது. அவ்வினாவிற்கு விடை தேடிய கருவிகளுள் ஒன்று, பட்டறையில் கையால் எடுத்துச் சென்று காணத்தக்க சிறு நுண்ணோக்கி. அதன் அமைப்பு, வரலாறு, பயன் ஆகியவற்றைத் தமிழில் எடுத்துரைக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் ஒருவரின் தந்தையார் சிறிய லேத் பட்டறை ஒன்று நடத்தி வந்தார். ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, நீர் இறைக்கும் எந்திரத்தின் சுழல்தண்டு ஒன்று பழுது பார்க்க வந்திருந்தது. மெருகேற்றப்பட்டுக் கண்ணாடிபோல் ஒளிர்ந்த அத்தண்டில் குறையேதும் நமக்குத் தோன்றவில்லை. அப்பெரியவரோ மரப்பெட்டி ஒன்றிலிருந்து பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துத் தண்டின் சாவிப்பள்ளத்து மூலையில் நிறுத்திக் குனிந்து நோக்கினார். பின்னர், "மேலே பளபளன்னுதான் இருக்கு சார். உள்ளே என்ன நெனச்சுக்கிட்டு இருக்குன்னு இதுலதான் தெரியும்" என்று கூறி, நம்மையும் நோக்கச் செய்தார். ஒளிரும் பரப்பின் நடுவே மயிரிழைபோல் வளைந்து நெளிந்து செல்லும் கரிய கோடு ஒன்று தெரிந்தது. அது கீறலா, வெடிப்பா? அவ்வினாவிற்கு அவர் கண்ட விடையைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

பெயரும் பொருளும்

இக்கருவிக்குத் தமிழில் உருப்பெருக்கி என்றும் நுண்ணோக்கி என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. முன்னது கருவியின் செயலைச் சுட்டுவது. பின்னது காண்பானின் நோக்கத்தைச் சுட்டுவது. பெருக்குதல் வேறு, பிரித்தறிதல் வேறு. மங்கிய நிழற்படத்தை எத்துணைப் பெரிதாக்கினும் மங்கலே பெரிதாகுமன்றி, இல்லாத தெளிவு தோன்றாது.

நம் வெறுங்கண் 25 சென்டிமீட்டர்த் தொலைவில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளையே இரண்டெனப் பிரித்துணர வல்லது. அதனினும் நெருங்கியவை ஒன்றாகவே தோன்றும். எண் துளை 0.25 உடைய எளிய பொருளருகு லென்சு, பச்சை நிற ஒளியில், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ ஒன்றரைக் கூறு அளவினதைப் பிரித்துக் காட்டும். ஒன்றெனத் தோன்றியதை இரண்டெனக் காட்டும் இவ்வாற்றலே கருவியின் உயிர். ஆதலின் நுண்ணோக்கி என்னும் பெயரே இதற்குச் சாலப் பொருந்துவது எனலாம். இவ்வாற்றலை உலோகத்தின்மேல் செலுத்த முயன்றதும் பழைய செய்தியே. இராபர்ட் ஊக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராபியா என்னும் நூலில் முதற்கண் ஆராயப்பட்டவை ஊசியின் முனையும் சவரக்கத்தியின் விளிம்புமே ஆகும். கூரியவை எனக் கொண்ட அவை கரடுமுரடாகத் தோன்றியதை அவர் பதிவு செய்தார்.

முறிவு தந்த பாடம்

1842 மே 8 அன்று, பிரான்சு நாட்டில் வெர்சாய் நகர விழாவைக் கண்டு மக்கள் தொடர்வண்டியில் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். மூதோன் என்னுமிடத்தில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்வந்த எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, தீப்பற்றியது. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் பயணிகள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் ஐம்பதின்மருக்கும் மேலாவர். தென்துருவக் கடல்களில் கலம் செலுத்திப் புகழ்பெற்ற தூமோன் தூர்வில் என்னும் கடலோடி, தம் மனைவியோடும் மகனோடும் இவ்விபத்தில் உயிர் துறந்தார்.

எத்தனையோ நாள் சுமை தாங்கிய அச்சு, அன்று மட்டும் முறிந்தது ஏன்? உலோகம் இடைவிடாத அதிர்ச்சியால் தன் நார்த்தன்மையை இழந்து படிகமாக மாறிவிடுகிறது என்பதே அக்காலத்துப் பலர் கொண்ட கருத்து. முறிந்த முகத்தில் மின்னும் மணிகளைக் கண்டு அவ்வாறு எண்ணினர். பின்னர், செருமானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் தொடர்வண்டி அச்சுகளை ஆராய்ந்தார். ஒரேமுறை ஏற்றினால் முறிக்க இயலாத சிறு சுமையும், மீண்டும் மீண்டும் மாறி மாறி ஏற்றப்படின் உலோகத்தை முறித்துவிடும் என்பதை அவர் நிறுவினார். இதனை உலோக அயர்ச்சி என்பர். அயர்ச்சி உண்டு என்பது தெளிவாயிற்று. அது உலோகத்தினுள் எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் காண வேறொரு கண் வேண்டியிருந்தது.

செபீல்டு தந்த கண்

அக்கண்ணைத் தந்தவர் எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து அறிஞர் ஹென்றி கிளிப்டன் சார்பி ஆவார். இவர்தம் காலம் 1826 முதல் 1908 வரை. பிறரிடம் ஊழியம் செய்ய வேண்டாத செல்வச் சூழலில் பிறந்த இவர், தம் வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்படைத்தார். முதலில் பாறைகளை ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லிய தகடுகளாகத் தேய்த்து நுண்ணோக்கியில் கண்டார். மலையை நுண்ணோக்கியால் ஆராய்வதா என்று எள்ளியோரும் இருந்தனர்.

1863 முதல் சார்பியின் கருத்து இரும்பின்பால் திரும்பியது. பாறையைப் போல் உலோகத்தை ஒளி ஊடுருவச் செய்தல் இயலாது. ஆகவே அவர் அதன் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் மெல்ல அரித்து, மேலிருந்து ஒளி பாய்ச்சிக் கண்டார். தாம் கண்டவற்றை 1864-இல் பாத் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் மன்றத்தில் படங்களோடு காட்டினார். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1880-களின் நடுவில், எஃகுத் தொழிலார் அவரை மீண்டும் அழைத்துக் கேட்டனர். அப்போது 650 மடங்கு பெருக்கத்தில் அவர் கண்ட காட்சி, எஃகினுள் முத்துச்சிப்பி போல் மினுங்கும் பகுதி மெல்லிய தகடுகள் அடுக்கியமைந்தது என்பதைப் புலப்படுத்தியது.

செருமனியில் அடால்ப் மார்ட்டன்சும் பிரான்சில் புளோரிஸ் ஆசுமோண்டும் இத்துறையை வளர்த்தனர். கடினமாக்கப்பட்ட எஃகின் உள்ளமைப்பு மார்ட்டன்சின் பெயரால் மார்ட்டன்சைட்டு என இன்றும் வழங்குகிறது. 1903-இல் யூயிங், ஹம்பிரி என்னும் இருவர் அயர்ச்சியின் தொடக்கத்தையே கண்ணாற் கண்டனர். மாறி மாறிச் சுமையேற்றப்பட்ட சுவீடன் நாட்டு இரும்பின் மேற்பரப்பில் முதலில் மெல்லிய வழுக்குக் கோடுகள் தோன்றின, அவை நாளடைவில் அகன்றன, இறுதியில் வெடிப்பாயின. உலோகம் தொடக்கம் முதலே படிகங்களால் ஆனது. அதிர்ச்சியால் படிகமானது அன்று என்பது இதனால் விளங்கியது. முறிவிற்கு முன்னறிவிப்பு உண்டு என்பதும், அது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே எழுதப்படுகிறது என்பதும் விளங்கின.

கருவியின் அமைப்பு

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் பொருளைச் சிறு துண்டாக வெட்டி மேடைமீது வைத்துக் காண்பர். ஓடும் எஞ்சினின் அச்சையோ கொதிகலனின் குழாயையோ அவ்வாறு வெட்டினால், காக்க வேண்டிய பொருளையே அழித்தவராவோம். எனவே இருபதாம் நூற்றாண்டில் கருவியையே பொருளிடம் கொண்டுசெல்லும் வழி வளர்ந்தது. பட்டறை நுண்ணோக்கிக்கு மேடை இல்லை. ஆராயப்படும் உலோகமே அதன் மேடை. அடியில் சிறு கால்களோ வளையமோ இருக்கும். வளைந்த தண்டின்மேல் நிற்பதற்கென இடையில் பள்ளம் வெட்டிய அடிப்பகுதியும் உண்டு. மேலே குழாய்; குழாயின் கீழ்முனையில் பொருளருகு லென்சு, மேல்முனையில் கண்ணருகு லென்சு; பக்கத்தில் காட்சியைத் தெளிவாக்கும் திருகு. பொருளருகு லென்சு 10 மடங்கும் கண்ணருகு லென்சு 10 மடங்கும் பெருக்குமாயின் மொத்தப் பெருக்கம் 100 மடங்காகும்.

ஒளியமைப்பே இதன் தனிச்சிறப்பு. இலையின் தோலையும் குருதித் துளியையும் கீழிருந்து வரும் ஒளியில் காணலாம். உலோகம் ஒளியை ஊடுருவ விடாது. ஆதலின் குழாயின் இடையில் மெல்லிய கண்ணாடித் தகடொன்று 45 பாகைச் சாய்வில் பொருத்தப்படுகிறது. பக்கவாட்டில் உள்ள சிறு மின்விளக்கின் ஒளி அத்தகட்டிற் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பி, பொருளருகு லென்சின் வழியே உலோகத்தை அடைகிறது. சமமான பரப்பு அவ்வொளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வெளிச்சமாகத் தோன்றும். பள்ளமும் சரிவும் ஒளியைப் பக்கங்களில் சிதறடிப்பதால் கருமையாகத் தோன்றும்.

காணும் முறையும் காட்சியும்

கருவி இருந்தால் மட்டும் போதாது. எண்ணெயும் துருவும் நீக்கிய சிறு பரப்பை உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் தொடங்கிப் படிப்படியாக நயமான தாளுக்குச் செல்லுதல் முறை. ஒவ்வொரு தாளையும் முன்தாளின் கீறல்களுக்குக் குறுக்காகச் செலுத்தி, முன்னைய கீறல்கள் முற்றும் மறைந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். இறுதியில் அலுமினியம் ஆக்சைடு நுண்தூளைத் துணியில் இட்டு மெருகேற்றுவர்.

இவ்வாறு மெருகேறிய பரப்பில் வெடிப்பும், இடையே சிக்கிய கசடும், வார்ப்பிரும்பாயின் அதன் கரித்துணுக்குகளும் தெரியும். ஆனால் உலோகத்தின் உள்ளமைப்புத் தெரியாது. எஃகிற்கு 2 விழுக்காடு நைட்ரிக் அமிலம் கலந்த எத்தில் ஆல்ககாலைச் சில நொடிகள் தடவித் துடைத்தபின் காட்சி மாறுகிறது. படிகமணிகள் ஒன்றோடொன்று தொடும் எல்லைகள் சற்று மிகுதியாக அரிக்கப்பட்டு, வயல் வரப்புகள்போல் கோடுகளாகத் தோன்றுகின்றன. வெண்மையாகத் தெரிவது ஏறத்தாழத் தூய இரும்பான பெரைட்டு. கருமையாகத் தெரிவது சார்பி கண்ட அடுக்குப் பகுதியாகிய பெர்லைட்டு. 0.2 விழுக்காடு கரி உள்ள மென்னெஃகை மெல்ல ஆறவிட்டால் அதன் பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு இவ்வாறு கருமையாக இருக்கும், 0.8 விழுக்காட்டை நெருங்கினால் முழுவதுமே அதுவாகும். எனவே கருமையின் பரப்பைக் கண்டே கரியின் அளவை மதிப்பிடுதல் கூடும். அடுக்குகளைத் தனித்தனியே காணப் பட்டறைக் கருவியின் ஆற்றல் பெரும்பாலும் போதாது. அதற்குச் சார்பி கையாண்டது போன்ற மிகு பெருக்கம் வேண்டும். தன் எல்லையை அறிந்து பயன்படுத்துவோர்க்கே கருவி துணையாகும்.

குழியை அளக்கும் கருவி

இக்கருவியின் உறவினம் ஒன்றும் பட்டறைகளில் பெருவழக்குப் பெற்றது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோகன் ஆகஸ்ட் பிரினெல் 1900-இல் உலோகத்தின் கடினத்தை அளக்க எளிய முறையொன்றை அறிவித்தார். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினமான குண்டினை எஃகின்மேல் 3,000 கிலோகிராம் சுமையால் அழுத்தினால் வட்டக்குழி ஒன்று பதியும். மெல்லிய உலோகத்தில் குழி பெரிதாகும். கடிய உலோகத்தில் சிறிதாகும். குழியின் விட்டத்தை அளந்தால் கடினத்தின் எண் கிடைக்கும்.

விட்டம் 4.00 மில்லிமீட்டராயின் கடின எண் 229. அதுவே 4.10 ஆயின் 217. ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு பிழைத்தாலும் எண் பன்னிரண்டு குறைகிறது. அளவுகோலை வைத்து வெறுங்கண்ணால் பார்த்தால் இப்பிழை எளிதில் நேரும். ஆகவேதான் கண்ணருகு லென்சினுள் அளவுகோல் பொறித்த சிறு நுண்ணோக்கிகள் செய்யப்பட்டன. சோவியத் நாட்டில் உருவான எம்.பி.பி.-2 என்பது அவற்றுள் ஒன்று. அது 24 மடங்கு பெருக்குவது. அதன் அளவுகோலின் ஒரு பிரிவு 0.05 மில்லிமீட்டர். குழியை ஒன்றற்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி காணுதல் முறையாகும்.

வாளின் வரிகள்

அமிலத்தால் அரித்து உலோகத்தின் அமைப்பைக் காணும் வழி சார்பிக்கும் முற்பட்டது. எஃகு என்னும் நம் சொல்லுக்குக் கூர்மை, படைக்கலம், உருக்கு எனப் பல பொருள்கள் உண்டு. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரத்தில் இச்சொல் படைக்கலப் பொருளில் ஆளப்பட்டுள்ளது. தென்னிந்தியாவில் மூசைகளில் உருக்கி ஆக்கப்பட்ட கரி மிகுந்த எஃகு மேலைநாடுகளுக்குச் சென்றது. ஐரோப்பியர் அதனை ஊட்சு என்றழைத்தனர். உருக்கு, உக்கு என்னும் தென்னிந்திய மொழிச் சொற்களோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர். இத்தகைய எஃகால் ஆன வாளை அரிக்கும் பொருள் கொண்டு கழுவியபோது அதன் உடலில் நீரலை போன்ற வரிகள் எழுந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். வாளின் தரம் காண்பதற்கு அவ்வரிகளும் சான்றாயின.

இந்த எஃகின் மறைபொருளை அறிய மைக்கேல் பாரடே 1819-இல் ஆராய்ந்தார். இன்று நுண்ணோக்கியில் காணும்போது, இரும்பும் கரியும் சேர்ந்த கடினத் துகள்கள் வரிசை வரிசையாக அமைந்திருத்தலே அவ்வரிகளுக்குக் காரணம் என்பது தெரிகிறது. வாள் செய்த கொல்லர் கருவியின்றிக் கண்டதன் நுட்பத்தைச் சார்பியின் வழிவந்தோர் கருவியால் கண்டனர். இரு சாராரும் உலோகத்தின் பளபளப்பை நம்பாது, அதன் இயல்பு வெளிப்படுமாறு செய்தவர்களே.

இன்றைய பயன்

பித்தளைக் குழாய்க் கருவிகளுள் பல இன்று பழம்பொருளாகிவிட்டன. கணிப்பொறியோடும் கைப்பேசியோடும் இணையும் சிறு படக்கருவி நுண்ணோக்கிகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் முறை மாறவில்லை. 400 பாகை செல்சியசும் அதற்கு மேலும் வெப்பத்தில் இயங்கும் கொதிகலன்களை 1,00,000 மணி நேர இயக்கத்திற்குப் பின்னர் அழிவின்றி ஆராய்ந்து, எஞ்சிய ஆயுளை மதிப்பிட வேண்டும் என்று இந்தியக் கொதிகலன் விதிமுறைகள் கூறுகின்றன. நீண்ட நாள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உழலும் குழாயின் படிகமணி எல்லைகளில் மிகச் சிறு வெற்றிடங்கள் தோன்றும். அவை கோவையாகி வெடிப்பாக முதிரும். அவற்றைக் காணக் குழாயின் மீதே சிறு பரப்பை மெருகேற்றி அரித்து, கையடக்க நுண்ணோக்கியால் நோக்குகின்றனர். கருவி செல்ல இயலாத இடத்தில், அசிட்டோனில் நனைத்த மெல்லிய படலத்தைப் பரப்பின்மேல் ஒட்டி எடுத்து, அதில் பதிந்த உருவை ஆய்வுக்கூடத்தில் காண்கின்றனர். கல்வெட்டின்மேல் தாளை ஒற்றிப் படியெடுப்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் கண்ட சுழல்தண்டிற்கு வருவோம். அக்கரிய கோட்டைக் கண்டவுடன் பெரியவர் முடிவு கூறவில்லை. நயமான உப்புத்தாளால் அவ்விடத்தை மீண்டும் தேய்த்து மெருகேற்றினார். சுற்றியிருந்த கீறல்கள் யாவும் மறைந்தன, அக்கோடு மறையவில்லை. கீறல் பெரும்பாலும் நேராகச் செல்லும். அதன் அடியும் ஒளிரும். மேலே தேய்த்தால் நீங்கும். வெடிப்போ உலோகத்தின் வழியே வளைந்து செல்லும், அடி தெரியாது, மேலே தேய்த்தால் நீங்காது. மகன் அதனை அன்றே கொடுத்தனுப்ப விரும்பினார். வாடிக்கையாளரும் காத்திருந்தார். தந்தையோ, "கூலி போனா வேற வேலையில சம்பாதிச்சுக்கலாம். ஓடுறப்ப முறிஞ்சா பக்கத்துல நிக்கிற ஆளை யார் திருப்பித் தர்றது?" என்று கூறி, வெடிப்பின் இருபுறமும் சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் தண்டை ஒதுக்கி வைத்தார். அன்றைய கூலியும் அவருக்கு இல்லாமற் போயிற்று.

மூதோனில் மாண்ட பயணிகள் தம் பெட்டியின் கீழிருந்த அச்சின் உறுதியை அறியாதவர்கள். அறிவதற்குரிய கருவியும் அன்று எவரிடமும் இல்லை. இன்று கருவி உண்டு. அதனால் காணும் பொறுமையும், கண்டதை மறைக்காமல் கூறும் நேர்மையும் உடையோர் கையிலேயே அது பயன் தருகிறது. அறிவியலைத் தமிழில் எழுதுவோரும் கற்போரும் இத்தகைய கருவிகளைத் தேடிச் சென்று கண்டு, பட்டறையில் வழங்கும் சொற்களையும் கேட்டறிந்து எழுதுவாராயின், உலோகவியல் போன்ற துறைகளும் நம் மாணவர்க்குத் தாய்மொழியிலேயே விளங்கும். மாணவ மணிகளே, அருகிலுள்ள பட்டறைக்கு ஒருநாள் சென்று, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, ஒரு சிறு இரும்புத் துண்டையேனும் நுண்ணோக்கியில் கண்டு வாருங்கள். நாள்தோறும் நாம் தொட்டுப் பழகும் பொருளில் நாம் காணாதவை எத்துணை உள என்பதை அங்கு உணர்வீர்கள்.